ஸ்டார் ட்ரெக்கின் படுமோசமான எபிசோடு எது? பழி யாருக்கு? ஜீன் ராடன்பெரியின் கதை

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஏறுபவர்கள் முதலில் செய்வது பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பதுதான். உள்ளங்கையில் அடங்குற ஒரு கருவி, மூடியைத் திறந்தா எங்கோ இருப்பவரோடு பேசலாம் என்ற காட்சியை 1966-லேயே வாரா வாரம் டிவியில் காட்டியது ஒரு அமெரிக்கத் தொடர். பெயர் ஸ்டார் ட்ரெக். 80-களில் நம்ம தூர்தர்ஷனிலும் வந்தது. கூர்மையான காது வைத்த ஸ்பாக்கை அப்போ டிவி பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

இந்தத் தொடரின் ரசிகர்கள் ஒன்று கூடினால், நல்ல எபிசோடு எது என்பதில் பெரிய சண்டை வராது. மட்டமான எபிசோடு எது என்பதில்தான் விடிய விடிய வாக்குவாதம். அந்தச் சண்டை கடைசியில் ஒரே மனுஷரிடம் போய் நிற்கும். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி. 79 எபிசோடில் எது சொதப்பினாலும், அதுக்கு அவர் பொறுப்பா இல்லையா என்பதுதான் உண்மையான வழக்கு.

யார் இந்த ராடன்பெரி?

1921 ஆகஸ்ட் 19-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் பிறந்தவர். அப்பா லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர். மகனும் கல்லூரியில் படித்தது போலீஸ் படிப்பு. ஆனா மனசு விமானத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் பைலட்டாக பசிபிக் கடல் பகுதியில் 89 முறை போர்ப்பணிக்குப் பறந்தார். 1943 ஆகஸ்டில் அவர் ஓட்டிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியதில், உடன் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள்.

போர் முடிந்ததும் பான் ஆம் விமான நிறுவனத்தில் வேலை. 1947 ஜூன் 18-ல் கராச்சியில் இருந்து இஸ்தான்புல்லுக்குக் கிளம்பிய விமானத்தில் அவரும் இருந்தார். கராச்சி அப்போ பிரிக்கப்படாத இந்தியா. அன்று விமானத்தை ஓட்டும் பொறுப்பு அவருக்கு இல்லை. நள்ளிரவு தாண்டி என்ஜினில் தீப்பிடித்து, விமானம் சிரியா பாலைவனத்தில் விழுந்தது. இருந்த 36 பேரில் 15 பேர் பலி. விலா எலும்பு முறிந்த நிலையிலேயே எரியும் விமானத்திலிருந்து பயணிகளை வெளியே இழுத்துப் போட்டவர் ராடன்பெரி. அடுத்த வருஷமே விமான வேலையை விட்டார். டிவிக்குக் கதை எழுதப் போறேன் என்று லாஸ் ஏஞ்சலஸ் திரும்பினார்.

எழுத்து உடனே சோறு போடலை. 1949-ல் போலீஸில் சேர்ந்தார். போலீஸ் தலைமை அதிகாரிக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பதும் வேலையில் ஒன்று. ராத்திரியில் டிவி தொடர்களுக்குக் கதை. அந்த வருமானம் நிலையானதும் 1956-ல் சார்ஜென்ட் பதவியை ராஜினாமா செய்தார்.

விண்வெளி எதுக்கு?

1963-ல் தி லெப்டினென்ட் என்ற ராணுவத் தொடரை அவர் தயாரித்தார். அதில் ஒரு எபிசோடு கருப்பின வீரர் மீதான நிறவெறி பற்றியது. என்பிசி சேனல் அதை ஒளிபரப்பவே மாட்டோம்னு சொல்லிவிட்டது. தொடரும் ஒரே சீசனோடு முடிந்தது. நேராகச் சொன்னா தடுப்பாங்க, வேறு கிரகத்தில் நடப்பதாகச் சொன்னா விடுவாங்க என்ற கணக்கு அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. அதே எபிசோடில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸ்தான் பின்னாடி ஸ்டார் ட்ரெக்கின் உஹுரா.

ஸ்டார் ட்ரெக்குக்கு எடுத்த முதல் மாதிரி எபிசோடு தி கேஜ். ரொம்ப மூளையைக் கசக்குது என்று என்பிசி நிராகரித்தது. ஆனா வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வாய்ப்பும் கொடுத்தது. அதுக்கு மூன்று கதைகள் தயாராயின. ஒன்று தேர்வாகி தொடரும் ஓகே ஆனது. தோற்ற இரண்டில் ஒன்று, ராடன்பெரி தானே எழுதிய தி ஒமேகா குளோரி. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கங்க.

1966 செப்டம்பர் 8-ல் முதல் ஒளிபரப்பு. கப்பலின் பாலத்தில் ஒரு கருப்பினப் பெண், ஒரு ஜப்பானிய வம்சாவளி, அடுத்த சீசனில் ஒரு ரஷ்யர். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. மரபணு மாற்றிய சர்வாதிகாரி கான் நூனியன் சிங் என்ற வில்லனுக்கு இந்திய வேர். நடித்தவர் என்னவோ மெக்சிகோவின் ரிக்கார்டோ மான்டல்பான்!

தொடரின் பெருமை முழுக்க ராடன்பெரிக்குப் போவது நியாயமில்லை. முதல் சீசன் நடுவில் வந்து சேர்ந்த தயாரிப்பாளர் ஜீன் கூன் சத்தமில்லாமல் உழைத்தவர். கிளிங்கான்களை உருவாக்கியது அவர்தான். ரசிகர்கள் கொண்டாடும் பல கதைகளில் அவர் கை இருக்கு. டோரதி ஃபோன்டானா என்ற பெண் கதை ஆசிரியர், ஸ்பாக்கின் குடும்பத்தைக் கட்டியெழுப்பினார். ராடன்பெரியோ, தொடரின் டைட்டில் இசைக்கு யாரும் பாடாத பாடல் வரியை எழுதி வைத்து, இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கரேஜின் ராயல்டியில் பாதியை வாங்கிக்கொண்டார். சட்டப்படி சரி. கரேஜுக்கு அந்தக் கசப்பு கடைசிவரை போகலை.

வென்ற இரவில் சொதப்பல்

இரண்டாவது சீசனில் தொடரை நிறுத்தப் போறாங்க என்ற செய்தி கிளம்பியதும், பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி ரசிகர்களைத் திரட்டி கடிதப் போராட்டம் நடத்தினாங்க. சேனல் அலுவலகத்தில் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. 1968 மார்ச் 1 இரவு, எபிசோடு முடிந்ததும் தொடர் மீண்டும் வரும் என்று என்பிசி திரையிலேயே அறிவித்தது.

அன்றிரவு ஓடிய எபிசோடு எது தெரியுமா? தி ஒமேகா குளோரி. மூன்று வருஷம் முன்னாடி தோற்ற அதே கதை.

தூரத்துக் கிரகம். யாங்குகள், கோம்கள் என்று இரண்டு கூட்டம். யாங்கி, கம்யூனிஸ்ட் என்பதன் சுருக்கம்தான் அது. கிளைமாக்ஸில் அந்தக் கிரகத்தில் அமெரிக்கக் கொடியை எடுத்து வர்றாங்க. அமெரிக்க அரசியல் சாசனத்தை வைத்து கேப்டன் கிர்க் பாடம் நடத்துறார். பல கோடி மைல் தாண்டியும் அதே கொடி எப்படி வந்தது என்பதற்கு ஒழுங்கான விளக்கம் இல்லை. மனிதகுலம் முழுக்க ஒன்று என்று சொல்ல வந்த தொடர், அன்றிரவு ஒரே நாட்டின் விளம்பரமாகிப் போச்சு. இதுக்குப் பழி போட வேறு ஆள் கிடையாது. எழுதியவர் ராடன்பெரி, முதலாளியும் அவர்தான்.

மூளை திருடு போன கதை

ஆனா ஓட்டெடுப்பு என்று வந்தா அதிகம் அடிபடும் பெயர் வேறு. ஸ்பாக்ஸ் பிரெய்ன். 1968 செப்டம்பர் 20-ல் வந்த மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு. ஒரு பெண் கப்பலுக்குள் புகுந்து ஸ்பாக்கின் மூளையைத் திருடிட்டுப் போறா. மூளையில்லாத உடம்பை ரிமோட் வைத்து நடக்க வைத்து, டாக்டர் மெக்காய் கூடவே கூட்டிட்டுப் போறார். கடைசியில் மூளையைத் திரும்பப் பொருத்தும்போது, பாதி ஆபரேஷனில் ஸ்பாக்கே பேசி டாக்டருக்கு வழி சொல்றார். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய், இந்த எபிசோடில் நடித்தபோது கூச்சமாக இருந்ததைப் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த எபிசோடுக்கு நியாயம் செய்யணும். மூளையைத் திருடியது எதுக்கு? அந்த மக்கள் வாழும் பூமிக்கடி நகரத்தின் காற்று, வெப்பம், தண்ணீர் எல்லாவற்றையும் இயக்கும் இயந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு மையம் தேவை. அதைச் செய்து வைத்த முன்னோர் போயாச்சு. இப்போ இருப்பவர்களுக்குப் பட்டன் அமுக்கத் தெரியும், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. ஒரகடம் பக்கம் லைனில் மெஷின் திடீர்னு நின்று, சரிபண்ணத் தெரிந்த ஒரே ஆளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது அபத்தமான கற்பனையாகத் தோணாது. கரு நல்ல கருதான். எடுத்த விதம்தான் சிரிப்பு.

எழுதியவர் பெயர் லீ க்ரோனின் என்று திரையில் வரும். அப்படி ஒரு ஆளே கிடையாது. அது ஜீன் கூனின் புனைப்பெயர். இரண்டாவது சீசன் நடுவில் விலகி வேறு ஸ்டுடியோவுக்குப் போனவர், வேறு பெயரில் எழுதிக் கொடுத்த கதை. தொடரின் ஆகச் சிறந்த எழுத்தாளரே ஆக மோசமான எபிசோடுக்கும் சொந்தக்காரர். விவாதத்தில் பலரும் இதை வசதியாக மறந்துவிடுவாங்க. கூன் 1973-ல் இறந்துவிட்டார், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே வரலை.

ராடன்பெரி அப்போ எங்கே?

திங்கட்கிழமை மாலை நேரம் தருவதாகச் சொன்ன என்பிசி, கடைசியில் வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளியது. தொடரைப் பார்க்கும் இளைஞர் கூட்டம் வீட்டிலேயே இருக்காத நேரம். நேரத்தை மாற்றலைன்னா அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகுவேன் என்று ராடன்பெரி எச்சரித்தார். சேனல் மசியலை. அவர் சொன்னபடி விலகினார். ஆனா நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற பெயர் டைட்டிலில் தொடர்ந்தது.

அவர் இடத்தில் வந்தவர் ஃப்ரெட் ஃப்ரைபர்கர். முதல் சீசனில் எபிசோடுக்குச் சுமார் 1.9 லட்சம் டாலராக இருந்த பட்ஜெட், மூன்றாவதில் 1.8 லட்சத்துக்கும் கீழே போனது. நடிகர் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வெளிப்புறப் படப்பிடிப்பு சுருங்கியது. விண்வெளி ஹிப்பிகள் பாட்டுப் பாடும் தி வே டு ஈடன் எபிசோடு திருத்தப்பட்ட விதம் பிடிக்காமல், ஃபோன்டானா தன் பெயரையே எடுத்துவிட்டு வேறு பெயர் போடச் சொன்னார். ரசிகர்கள் எல்லாப் பழியையும் ஃப்ரைபர்கர் தலையில் கட்டினாங்க. போரில் நாஜி ஜெர்மனியிடம் கைதியாக இருந்த அவர், அந்தச் சிறை இரண்டு வருஷத்தில் முடிந்தது, ஸ்டார் ட்ரெக் பழி முடியவே இல்லை என்று பின்னாளில் கசப்பாகக் கிண்டலடித்தார்.

அவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகியவருக்குப் பங்கே இல்லையா? இருக்கு. சேனலின் துரோகம் உண்மை. அதே நேரம், கடிதம் எழுதிக் குவித்த ரசிகர்கள் காப்பாற்றிக் கொடுத்த தொடரை அவர் கைவிட்டதும் உண்மை.

மட்டமான எபிசோடு எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. 1968 நவம்பர் 22-ல் வந்த பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன் கதையாகப் பார்த்தா சித்திரவதை. மனோசக்தி உள்ளவர்கள் கப்பல்காரர்களைப் பொம்மை மாதிரி ஆட்டி வைப்பாங்க. ஆனா அதில்தான் கிர்க்கும் உஹுராவும் முத்தமிடும் காட்சி. வெள்ளை ஆணும் கருப்பினப் பெண்ணும் முத்தமிடுவது அமெரிக்க டிவியில் துணிச்சலான காரியமாக இருந்த காலம். தர வரிசையில் கீழே கிடக்கும் இந்த எபிசோடு வரலாற்றுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

1969 ஜூன் 3-ல் வந்த கடைசி எபிசோடு டர்ன்அபவுட் இன்ட்ரூடர். கேப்டன் ஆக முடியாத ஆத்திரத்தில் ஒரு பெண், கிர்க்கின் உடம்புக்குள் கூடு விட்டுக் கூடு பாய்கிறாள். பெண்கள் கேப்டன் ஆகும் உலகம் அது இல்லை என்பது போலக் கதை போகும். கதை யாருடையது? ராடன்பெரியுடையதுதான். தி கேஜ் மாதிரி எபிசோடில் கப்பலின் இரண்டாம் இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தவரும் இவரேதான். அதில் நடித்த மேஜல் பாரட்டை 1969-ல் திருமணம் செய்தார்.

மறு ஒளிபரப்பில் மறுபிறவி

தொடர் நின்ற பிறகு, உள்ளூர் சேனல்களின் மறு ஒளிபரப்பில்தான் அது காட்டுத்தீயாகப் பரவியது. 1972-ல் நியூயார்க்கில் ரசிகர் மாநாடே நடந்தது. ராடன்பெரியின் பிற முயற்சிகள் எதுவும் நிலைக்கலை. கல்லூரி கல்லூரியாகப் பேசப் போய் காலம் தள்ளினார். 1979-ல் சினிமாவாக வந்தபோது மொட்டையடித்துக்கொண்டு நடித்தவர் நம்ம முன்னாள் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா. படத்தின் செலவு எகிறியதால் அடுத்த படத்தில் ராடன்பெரியை ஆலோசகராக ஓரம் கட்டினாங்க. ஓரம் கட்டி எடுத்த அந்த இரண்டாவது படம்தான், கான் திரும்பி வரும் படம், இன்றும் பலருக்கு முதலிடம்.

1987-ல் தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற புதுத் தொடரோடு டிவிக்குத் திரும்பினார். எதிர்கால மனிதர்கள் தங்களுக்குள் சண்டை போட மாட்டாங்க என்று விதி போட்டார். சண்டையில்லாமல் கதை எப்படி என்று எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினாங்க. ஃபோன்டானாவும் போனார். உடல்நலம் சரிந்து அவர் பிடி தளர்ந்த பிறகுதான் தொடர் மெருகேறியது என்பது ரசிகர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது.

செல்போன் கதைக்கு வருவோம். 1973-ல் முதல் கையடக்க செல்போனில் பேசிக் காட்டிய மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பருக்கு ஸ்டார் ட்ரெக்தான் தூண்டுதல் என்று ஊரெல்லாம் சொல்லும். தனக்கு முன்னோடி டிக் ட்ரேசி காமிக்ஸின் கைக்கடிகார ரேடியோதான் என்று அவரே பின்னர் திருத்தினார். ஆனா 1996-ல் அதே கம்பெனி விட்ட ஸ்டார்டாக் என்ற மடக்கு போனைப் பார்த்தவர்களுக்கு கிர்க் ஞாபகம் வராமல் இருந்திருக்காது. 2006-ல் நோக்கியா, 2008-ல் மோட்டோரோலா என்று ஸ்ரீபெரும்புதூருக்கு போன் ஆலைகள் வந்தபோது ராடன்பெரி உயிரோடு இல்லை. 1991 அக்டோபர் 24-ல், 70 வயதில் மாரடைப்பில் இறந்தார்.

அவர் அஸ்தியின் ஒரு பகுதி 1992-ல் கொலம்பியா விண்கலத்தில் போய்த் திரும்பியது. இன்னொரு பகுதியை 1997-ல் ராக்கெட்டில் வைத்து அனுப்பினாங்க. சில வருஷம் பூமியைச் சுற்றிவிட்டு, 2002-ல் அது வளிமண்டலத்தில் எரிந்து போனது. 1995-ல் வந்த வாயேஜர் தொடரில் கப்பலின் கேப்டன் ஒரு பெண்.