நாலு தங்கம் வாங்கியவர், பட்டம் வாங்காதவர்



பெரிய மனிதர் ஒருவருடைய வாழ்க்கையை இந்த மலருக்கு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இன்ஜினியரிங் காலேஜ் மலர் என்றால் விஸ்வேஸ்வரய்யாவோ எடிசனோ, இல்லாவிட்டால் நம்ம கலாம் ஐயாவோதான் வருவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஓர் ஓட்டக்காரரை. காலையில் மைதானத்தில் வியர்வை சொட்ட ஓடிவிட்டு, முதல் பீரியடில் கடைசி பெஞ்சில் கண் சொக்குகிற தம்பி தங்கைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. கோப்பை வந்தால் கூடப் படம் பிடித்துக்கொள்ள எல்லாரும் வருவோம். அரியர் வந்தால் யாரு வர்றாங்க? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஜெஸ்ஸி ஓவன்ஸின் கதையைப் படியுங்கள்.

பருத்திக் காட்டுப் பையன்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்ற சிற்றூரில் 1913 செப்டம்பர் 12-ந் தேதி பிறந்தவர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் ஓவன்ஸ். அப்பா வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழை விவசாயி. தாத்தா காலத்தில் அடிமை வாழ்க்கை. வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. ஒன்பது வயது வாக்கில் குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே ஓஹியோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் அவரை ஜே.சி. என்று கூப்பிடுவார்கள். புதுப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு அவருடைய தெற்கத்திப் பேச்சு சரியாகப் புரியவில்லை, ஜே.சி. என்றது ஜெஸ்ஸி என்று காதில் விழுந்தது. அந்தப் பெயரே கடைசி வரை நிலைத்துவிட்டது.

அங்கே அவருக்கு வாய்த்தவர் சார்லஸ் ரைலி என்ற உடற்பயிற்சி ஆசிரியர், நம்ம பாஷையில் பி.டி. மாஸ்டர். பையன் நன்றாக ஓடுவான் என்று கண்டுகொண்டார். ஆனால் பயிற்சி நடப்பதோ பள்ளி விட்ட பிறகு. அந்த நேரத்தில் பையன் வேலைக்குப் போக வேண்டும், போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ரைலி என்ன செய்தார் தெரியுமா? பள்ளி தொடங்கும் முன்பே, காலையில், தனியாக அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். கால அட்டவணைக்குள் பையனைத் திணிக்காமல், பையனின் நிலைமையைக் கேட்டு அட்டவணையை மாற்றிக்கொண்ட மனிதர். வழிகாட்டுதல் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஈஸ்ட் டெக்னிக்கல் என்ற, தொழில் பயிற்சி சார்ந்த உயர்நிலைப் பள்ளி. 1933-ல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிப் போட்டியில் 100 கஜத்தை 9.4 விநாடியில் ஓடி, அன்றைய உலக சாதனையைத் தொட்டுவிட்டார். கல்லூரிகள் அவரைத் தேடி வந்தன. அவர் சேர்ந்தது கொலம்பஸ் நகரத்து ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்.

சரக்கு லிஃப்டும் வகுப்பறையும்

உலக சாதனையைத் தொட்ட பையனுக்கு எல்லாம் இலவசமாகக் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. விளையாட்டு உதவித்தொகை என்று எதுவும் கொடுக்கவில்லை. மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் இயக்குகிற வேலை பார்த்துத்தான் படித்தார். கறுப்பின மாணவர் என்பதால் வளாக விடுதியில் இடம் இல்லை, வெளியேதான் தங்கினார். அணியோடு வெளியூர் போனாலும் சாப்பிடுகிற இடமும் தங்குகிற இடமும் பல ஊர்களில் வேறு.

மைதானத்தில் மட்டும் குறை சொல்ல வழியில்லை. லாரி ஸ்னைடர் என்ற நல்ல பயிற்சியாளர். கை எப்படி வீச வேண்டும், ஸ்டார்ட் எப்படி எடுக்க வேண்டும் என்று அங்குலம் அங்குலமாகத் திருத்தினார். படிப்புப் பக்கம் இப்படிப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிற ஏற்பாடு அந்தக் காலத்துக் கல்லூரிகளில் வழக்கமே இல்லை. தொழிற்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, வேலை, பயிற்சி, பயணம் எல்லாம் போக மிச்சமிருந்த நேரத்தில் படித்தார். மார்க் தடுமாறியதில் என்ன ஆச்சரியம்?

1935 மே 25, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரம். பிக் டென் பல்கலைக்கழகங்களின் போட்டி. முதுகில் அடிபட்டு, குனியக்கூட முடியாத நிலையில் வந்தவர், ஏறக்குறைய 45 நிமிடத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்தார், இன்னொன்றைச் சமன் செய்தார். 100 கஜம் 9.4 விநாடி, 220 கஜம் 20.3 விநாடி, 220 கஜம் தாழ்தடை ஓட்டம் 22.6 விநாடி, நீளம் தாண்டுதல் 26 அடி 8¼ அங்குலம், அதாவது 8.13 மீட்டர். அந்தத் தாண்டுதலை ரால்ஃப் பாஸ்டன் முறியடிக்க 1960 வரை, 25 வருஷம் ஆயிற்று.

அதே ஓவன்ஸ், சில மாதங்கள் கழித்து 1936 குளிர்காலத்தில், மார்க் குறைந்ததால் இன்டோர் போட்டிகளில் ஓடும் தகுதியை இழந்தார். உலகத்திலேயே வேகமான மனிதர் பார்வையாளராக உட்கார வேண்டியதாயிற்று. மார்க் பட்டியல் மணி அடித்த நேரம் அது. ஆனால் ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த மணி யார் காதிலும் நிற்கவில்லை.

பெர்லினும் அதற்குப் பிறகும்

1936 ஆகஸ்டில் ஹிட்லரின் பெர்லினில் நடந்தது உலகத்துக்கே தெரியும். 100 மீட்டர், நீளம் தாண்டுதல், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் என்று நாலு தங்கம். இன மேன்மை பேசிய ஆட்சியின் சொந்த மைதானத்தில் ஒரு கறுப்பின மாணவர் அதற்குப் பதில் கொடுத்தார்.

மாணவர் என்றேன், கவனித்தீர்களா? பெர்லினுக்குப் போனபோது அவர் இன்னும் படிப்பை முடிக்காத கல்லூரி மாணவர்தான். போட்டி முடிந்த கையோடு அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் அவரை ஐரோப்பா முழுக்கக் கண்காட்சி ஓட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது. வசூல் சங்கத்துக்கு, ஓட்டம் இவருக்கு. களைத்துப்போய் ஸ்வீடனுக்கு வர மாட்டேன் என்று ஊர் திரும்பினார். சங்கம் அவரைத் தடை செய்துவிட்டது. 23 வயது நிரம்புவதற்குள் அவருடைய அமெச்சூர் ஓட்ட வாழ்க்கை முடிந்தது!

நியூயார்க்கில் ஊர்வலம் எடுத்தார்கள். வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அவருக்கு வரவேற்பு. அந்த விருந்துக்கு விழா நாயகனையே சரக்கு லிஃப்டில் ஏற்றித்தான் மேலே அனுப்பினார்கள். படிக்கும்போது இயக்கிய அதே மாதிரி லிஃப்ட்!

பணம் தருகிறேன் என்று வந்த பெரிய பெரிய வாக்குறுதிகள் பெரும்பாலும் காற்றில் போயின. படிப்பை அப்படியே விட்டுவிட்டார். அந்த டிசம்பரிலேயே கியூபாவின் ஹவானாவில் ஒரு குதிரையோடு பந்தயம் ஓடினார். பிறகும் பல ஊர்களில் இப்படி ஓடினார். சலவைத் தொழில் ஆரம்பித்தார், அது நொடித்துப் போனது. நாலு தங்கத்தை வைத்து நாலு பேருக்குச் சோறு போட முடியாது என்று அப்போது தெரிந்தது.

மீண்டும் கிளாஸ் ரூம்

எனக்கு ஓவன்ஸ் மீது மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான். 1940-ல், 27 வயதில், மனைவி மக்களோடு கொலம்பஸுக்கே திரும்பி வந்து மறுபடியும் ஓஹியோ ஸ்டேட்டில் சேர்ந்தார். பழைய கோச் ஸ்னைடர் துணைப் பயிற்சியாளர் வேலை கொடுத்தார். உலகமே கொண்டாடிய மனிதர், சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வெட்கப்படவில்லை.

ஆனால் காலம் கடந்துவிட்டது. பழைய மார்க்குகள் கீழே இழுத்தன, குடும்ப பாரம் ஒரு பக்கம். சராசரியைத் தேவையான அளவுக்கு உயர்த்த முடியவில்லை. 1941-ல் பட்டம் இல்லாமலே வெளியேறினார். பில்லுக்குப் பில்லு பாக்கி சேர்ந்த கடை மாதிரிதான் படிப்பும். முதல் செமஸ்டரில் கவனித்தால் சில்லறையில் முடியும், ஏழு வருஷம் கழித்து வந்தால் வட்டியும் முதலுமாக நிற்கும்.

பிற்காலத்தில் நல்ல மேடைப் பேச்சாளர் என்று பெயர் எடுத்தார். 1955-ல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக நம் இந்தியாவுக்கும் வந்து போனார். 1960-ல் அவருடைய மகள் மார்லீன் அதே ஓஹியோ ஸ்டேட்டில் ஹோம்கமிங் ராணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அங்கே அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் விழா. அப்பாவுக்கு விடுதியில் இடம் தராத கல்லூரி, மகளுக்குக் கிரீடம் வைத்தது. 1972-ல், அவருடைய 58-வது வயதில், பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1976-ல் ஜனாதிபதி ஃபோர்டு சுதந்திரப் பதக்கம் அளித்தார். 1980 மார்ச் 31-ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இன்று ஓஹியோ ஸ்டேட்டின் தடகள மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

இப்போது அங்கே எப்படி?

அமெரிக்கா இதிலிருந்து கொஞ்சம் கற்றுக்கொண்டது. விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் தேசியச் சங்கம் 1975-ல் தொடங்கியது. ஓஹியோ ஸ்டேட்டிலும் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1991 முதல் கட்டாயப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. பட்டத்துக்கான படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு 60, நான்காம் ஆண்டு 80 என்று முடித்திருந்தால்தான் முதல் டிவிஷனில் களமிறங்கலாம் என்று 2003-ல் விதி வந்தது. பாக்கி சேர விடாமல் வருஷா வருஷம் கணக்குப் பார்க்கிற முறை இது.

ஆலோசகரை நியமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் நடக்காத வகுப்புகளுக்கு மார்க் போட்ட விவகாரம் 2014-ல் விசாரணை அறிக்கையாக வெளிவந்தது. 18 வருஷத்தில் 3,100 மாணவர்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். விளையாட்டு மாணவர்களின் ஆலோசகர்கள் சிலரே அவர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த மேட்சுக்கு ஆள் வேண்டும் என்று ஆலோசனை சொல்வது வேறு, அந்தப் பிள்ளை நாற்பது வயதில் எப்படி இருப்பான் என்று யோசித்துச் சொல்வது வேறு.

நம்மால் முடிந்தது

நம்ம ஊரில் நிலைமை வேறு மாதிரி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு உண்டு, போட்டிக்குப் போனால் ஓ.டி. உண்டு. அட்டெண்டன்ஸ் சரியாகிவிடும். ஆனால் அந்த நாளில் நடத்திய லேப்பும் ஃபோரியர் சீரிஸும் ஓ.டி.யில் வருமா? அதை யார் சொல்லிக்கொடுப்பது?

நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன். ஒன்று, கல்லூரி அணியில் இருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அதே டிபார்ட்மெண்டில் படித்த ஒரு அண்ணனோ அக்காவோ பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு தடவை போன் பண்ணி, ஸ்கோர் கேட்கிற மாதிரி இன்டர்னல் மார்க்கும் கேட்க வேண்டும். இரண்டு, செமஸ்டர் தொடக்கத்திலேயே போட்டித் தேதிகளையும் தேர்வுத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மோதும் இடங்களை பி.டி. சாரிடமும் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். மூன்று, அரியரோடு வெளியே போன விளையாட்டு நண்பர்களை மறந்துவிடாமல், பட்டம் வாங்கும் வரை கூடவே நிற்க வேண்டும். 1940-ல் ஓவன்ஸ் திரும்பி வந்த மாதிரி வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே கைபிடித்து அழைக்க ஆளும் வேண்டும்.

விளையாடுகிற தம்பி தங்கைகளே, படிப்புக்காக ஓட்டத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. ஓடுங்கள், ஜெயித்துக் கோப்பை கொண்டு வாருங்கள். கூடவே, புரியாத பாடத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஸ்டார்ட் சரியில்லை என்றால் கோச்சிடம் கேட்பீர்கள் அல்லவா, அதே மாதிரிதான் இதுவும். கேட்டால் பதில் சொல்ல இந்த மலரின் பின்பக்கங்களில் முகவரியோடு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்.

வளர்க நம் கல்லூரி!