வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய மதுரை மகள்

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை நல்கிய பேகனையும் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். வாய்திறந்து கேட்க இயலாத உயிர்களுக்குக் கைம்மாறு கருதாது இரங்கியமையால் அவ்விருவரும் வள்ளல்கள் எனப் போற்றப்பெற்றனர். எனினும் பேகனின் போர்வை ஒரு மயிலோடு நின்றது. நாடெங்கும் எண்ணிறந்த உயிர்கள் பசியாலும் அடியாலும் துன்புறும்போது அவற்றுக்குப் போர்வை தருவார் யார்? இருபதாம் நூற்றாண்டில் அவ்வினாவை எழுப்பி, சட்டத்தின் வழியே அதற்கு விடைகாண முயன்றவர், நம் மதுரை மண்ணில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவார். பரதநாட்டியக் கலைஞராகவே உலகம் அவரைப் பெரிதும் அறியும். உரிமை கொண்டாட ஒருவரும் இல்லாத உயிர்களுக்காக அவர் ஆற்றிய பணியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர், அன்னையார் சேஷம்மாள். தந்தையார் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவராதலின், பணி ஓய்வுக்குப்பின் குடும்பம் சென்னை அடையாற்றில் குடியேறிற்று. அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அரவணைப்பு ருக்மிணிக்குக் கிட்டியது. 1920ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அக்காலச் சமூகம் அம்மணத்தைக் கடுமையாக எதிர்த்தது. பலர் கூடி எதிர்ப்பினும் தாம் நேரெனக் கண்டதைக் கைவிடாத உறுதியை அம்மையார் இளமையிலேயே பெற்றிருந்தார் என்பதற்கு இது சான்று.

பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் பயின்றார். 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கலைத்துறையில் அவர் செய்தன பலராலும் எழுதப்பெற்றுள்ளன. ஆதலின் ஈண்டு விரிக்காது அப்பாற் செல்வோம்.

மன்றத்தில் ஒலித்த குரல்

1952ஆம் ஆண்டு அம்மையார் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1956இல் மீண்டும் நியமனம் பெற்றார். கலைஞர் என்னும் முறையில் அப்பதவி அவரை நாடி வந்தது. அவரோ அதனைப் பெரிதும் பயன்படுத்தியது வாயில்லா உயிர்களின் பொருட்டாம்.

அந்நாளில் நடைமுறையிலிருந்தது ஆங்கிலேயர் 1890இல் இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அது வீட்டில் வளர்ப்பனவும் பிடித்து வைத்திருப்பனவுமான விலங்குகளையே குறித்தது. நகர எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாவதாய் இருந்தது. இக்குறையைக் களையக் கருதிய அம்மையார், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1954இல் அதன்மீது விவாதம் நிகழ்ந்தபோது, அரசே குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்தார். அதனை ஏற்று அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம் பெயரால் சட்டம் அமையவேண்டும் என அவர் விழையவில்லை. சட்டம் அமைந்தால் போதும் எனக் கருதினார். ஆறாண்டுகள் கழித்து, 1960இல், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. மனிதன் நீங்கலான எவ்வுயிரும் அதன் காப்புக்குள் அடங்கும்.

அச்சட்டத்தின்படி 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அம்மையார் அதன் முதல் தலைவரானார். பல்லாண்டுகள் சென்னையையே தலைமையிடமாகக் கொண்டு இவ்வாரியம் இயங்கியது.

மார்க்கமும் உயிரிரக்கமும்

அம்மையார் வாழ்நாள் முழுதும் புலால் மறுத்தவர். அனைத்துலகச் சைவ உணவாளர் ஒன்றியத்தின் துணைத்தலைவராகவும் விளங்கியவர். புலால் உண்ணும் நம்போன்றோர்க்கு அவர் வாழ்வில் என்ன பாடம் உண்டு எனச் சிலர் வினவலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எச்சமயத்தாரும் தம் சமயம் விதித்த முறையில் விலங்கை அறுப்பது குற்றமாகாது என வரையறுத்துள்ளது. உண்பதா மறுப்பதா என்னும் வழக்கில் அச்சட்டம் தலையிடவில்லை. தேவையற்ற வேதனையையே அது தடுக்க முனைந்தது. அவ்விடத்தில் நமக்கும் அதற்கும் பிணக்கு இல்லை. கத்தி கூரியதாக இருத்தல் வேண்டும், அறுபடும் உயிரின் கண்முன் அதனைத் தீட்டலாகாது என்பன நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கங்கள் அல்லவா?

பூனையின்பால் அன்பு நம் வரலாற்றில் தனியிடம் பெற்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்களுள் அபூஹுரைரா (ரலி) அவர்கள், பூனைக்குட்டியின் தந்தை என்னும் பொருள்தரும் பெயராலேயே வழங்கப்பெறுகிறார்கள். மதீனாப் பள்ளிவாயிலில் வீடின்றித் தங்கிய திண்ணைத் தோழர்களுள் அவர்களும் ஒருவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவின் வீடற்ற பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே வக்ஃபாக விட்டுச் சென்றதாக வரலாற்றுக் குறிப்புகள் உண்டு. அறங்காவலின் வழியே பைபர்ஸ் செய்ததை, சட்டத்தின் வழியே அம்மையார் செய்தார் எனலாம்.

கைவிடுதல் என்னும் குற்றம்

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அடித்தல், மிகுசுமை ஏற்றுதல் ஆகியவற்றோடு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் வண்ணம் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலும் அதில் குற்றமாகும். இவ்வரியைப் படித்தபோது எமக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அதன் காரணத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

கோரிப்பாளையத்தில் எம் இல்லத்து மாடிப்படியின் கீழ்ப் பூனை ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றது. அழகிய மூன்றை அண்டை வீட்டாரும் மாணவரும் விரும்பி எடுத்துச் சென்றனர். பின்கால் ஒன்று முடமாய், கண்ணில் பீளை வடிய இருந்த நான்காவதை ஏற்பார் இல்லை. ஊர் வழக்கப்படி அதனைச் சாக்கிலிட்டு, வைகைப் பாலத்தைக் கடந்து யானைக்கல் அருகே விட்டு வந்தோம். தாய்ப்பூனை மூன்று இரவுகள் படிக்கட்டின் கீழ்க் கத்திக்கொண்டே இருந்தது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளியாது, தானே இரைதேட அவிழ்த்தும் விடாது சாகடித்த பெண் நரகம் புகுந்த நபிமொழியைப் பலமுறை வகுப்பில் எடுத்துரைத்த நாவு எம்முடையது. கட்டிவைத்துக் கொன்றாலென்ன, நடக்க மாட்டாத குட்டியை அவிழ்த்துவிட்டுக் கொன்றாலென்ன? நான்காம் நாள் சென்று தேடினோம். பழக்கடைக்காரர் ஒருவர் அதற்குப் பால் வைத்துக் காத்திருந்தார். முகமறியாத அந்த எளியவர் செய்த அறத்தால் எம் பாவம் பாதியில் நின்றது. அதன்பின் அக்குட்டி எம்மோடே வளர்ந்தது. எவரிடமும் செல்லாத அது, எம் காலடியோசை கேட்டவுடன் நொண்டி நொண்டி வாயிலுக்கு வரும். ஏற்பாரற்ற உயிர் ஒருவரை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு ஆழமாக ஏற்றுக்கொள்கிறது என்பதை அதனிடமே கற்றோம்.

கருணை இல்லங்கள்

சட்டம் குற்றத்தைச் சுட்டும். கைவிடப்பட்டதைத் தூக்கி எடுக்கக் கைகள் வேண்டும். 1959ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சென்னையில் விமானி கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொணர்ந்தார். அதிலிருந்தே இந்திய நீலச்சிலுவைச் சங்கம் பிறந்தது. இத்தகைய இல்லங்களில் தொண்டு செய்வோர் அறிவர்: குட்டிகளைத் தத்தெடுக்க ஆள் வரும், முதிர்ந்ததும், ஒற்றைக்கண்ணும், மனிதரைக் கண்டு அஞ்சிப் பதுங்குவதும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். அவற்றின் அருகே அமர்ந்து, அச்சம் தெளியும்வரை பொறுத்திருப்பதே அத்தொண்டின் கடினமான பகுதி.

நிறைவு

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அம்மையாரின் பெயரை முன்வைக்க விழைந்தார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. அப்பெரும் பதவியை மறுத்தவர், விலங்குகள் நல வாரியத் தலைமையை மட்டும் இறுதிவரை விடவில்லை. 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற பணி முற்றுப்பெறவில்லை. விலங்கைக் கைவிடும் முதற்குற்றத்துக்கு 1960இல் வகுத்த தண்டம் ஐம்பது ரூபாய் வரை. அறுபதாண்டுகள் கடந்தும் அது உயர்த்தப்படவில்லை. இன்று அத்தொகைக்கு அஞ்சுவார் எவருமிலர். ஆதலின் தண்டத்தை நம்பியிராது, நம் தெருவிலேயே அறத்தைத் தொடங்க வேண்டியவர்களாக இருக்கிறோம். மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதியின் பின்புறத்தில் மெலிந்த பூனை ஒன்று வந்து நிற்குமாயின், மீந்த சோற்றில் ஒரு பிடியும் ஒரு சிரட்டைத் தண்ணீரும் வையுங்கள். அதனைச் சாக்கிலிட்டு ஆற்றுக்கு அப்பால் விட எவரேனும் முனைந்தால், எம் நிகழ்ச்சியைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். மதுரை மண்ணில் பிறந்த அம்மையாருக்கு மதுரை மாணவர் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.