எப்வர்த் இல்லத்து அன்னை

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள லிங்கன்ஷயரில் எப்வர்த் என்றொரு சிற்றூர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்த் திருச்சபைக் குருவின் இல்லத்தில் வாழ்ந்த ஓர் அன்னை மேடையேறிப் போதித்தவரல்லர். தம் பெயரில் பெருநூல் எதையும் வெளியிட்டவருமல்லர். அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி குழந்தைப்பேற்றிலும் கடன் தொல்லையிலும் வீட்டுப் பள்ளியிலுமே கழிந்தது. ஆயினும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் வரலாற்றையும், ஆயிரக்கணக்கான பக்திப் பாடல்களை இயற்றிய சார்லஸ் வெஸ்லியின் வரலாற்றையும் எழுதப் புகுந்தோர் அனைவரும் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க நேர்ந்தது. அவரே சூசன்னா வெஸ்லி.

சூசன்னா 1669-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஆன்ஸ்லி பெரும் கல்விமான். அரசு வகுத்த வழிபாட்டு முறைக்கு உடன்பட மறுத்து 1662-இல் பதவியிழந்த குருமார்களில் அவரும் ஒருவர். மனச்சாட்சிக்காகப் பதவியைத் துறந்தவரின் மகள் அதே மனச்சாட்சியைத் தந்தைக்கு எதிர்த்திசையிலும் பயன்படுத்தினார். பதின்மூன்று வயது நிரம்பும் முன்னரே இரு தரப்பு வாதங்களையும் தாமே ஆராய்ந்து, தந்தை விட்டு விலகிய இங்கிலாந்துத் திருச்சபையிலேயே சேர்வதென்று முடிவு செய்தார். தந்தை அதைத் தடுக்கவில்லை. தம் மகளின் சிந்தனைக்கு அவர் அளித்த மதிப்பு பின்னாளில் அம்மகள் தாயானபோது எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் காண்போம்.

1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளம் குருவை மணந்தார். பத்தொன்பது குழந்தைகள் பிறந்தனர். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேரே. கணவர் கவிஞர், அறிஞர், நேர்மையாளர். ஆனால் வரவறிந்து செலவிடத் தெரியாதவர். 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். வேறு பொருளேதும் இல்லாத நிலையில் சூசன்னா தம் மோதிரங்களைச் சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இருவரும் உறுதியான கொள்கையுடையவர்கள். மூன்றாம் வில்லியம் மன்னருக்காகக் கணவர் செய்த பிரார்த்தனைக்குச் சூசன்னா ஆமென் சொல்லவில்லை. வில்லியத்தை முறையான மன்னராக அவர் உள்ளம் ஏற்கவில்லை. ஏற்காத ஒன்றை இறைவன் முன்னிலையில் வாயால் மட்டும் உரைக்க அவரால் இயலவில்லை. கணவர் சினந்து வீட்டைவிட்டே சென்றார். 1702-இல் மன்னர் மறைந்தார், ஆன் அரசியார் பட்டமேறினார், கணவரும் திரும்பினார். அந்த மனப்பிணக்கு நீங்கியபின் 1703-இல் பிறந்த குழந்தையே ஜான்.

சூசன்னா நடத்திய வீட்டுப் பள்ளி புகழ்பெற்றது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையிலும் வகுப்பு நடந்தது. ஐந்து வயது நிறைந்ததும் கல்வி தொடங்கும். எழுத்துகள் அனைத்தையும் ஒரே நாளில் கற்றுவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்காக அவர்களை மந்தமானவர்கள் என்று கருதியதாகவும் பின்னர் அக்கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் அன்னையே எழுதியுள்ளார். எழுத்து தெரிந்தவுடன் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே முதற் பாடம். நன்றாகப் படிக்கத் தெரியும்வரை எந்தப் பெண் குழந்தைக்கும் தையல் வேலை கற்பிக்கக் கூடாது என்பது அவர் விதித்த விதி. பெண்களின் கல்வியைப் பெரியோரே பொருட்படுத்தாத காலத்தில் இவ்விதி வகுக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சமயப் பயிற்சி பள்ளிக்கும் முந்தியது. பேச வராத குழந்தையும் உணவு வேளையில் சைகையால் இறையாசியை வேண்டியது. பேச்சு வந்தவுடன் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் துயிலெழும்போதும் உறங்கும் முன்னும் சொல்லப் பழகியது. தவற்றை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட குழந்தைக்கு அடியில்லை. ஒரே தவறுக்கு இரண்டாம் முறை தண்டனையோ, பின்னர் அதைச் சொல்லிக்காட்டுவதோ இல்லை. பெற்றோரை மகிழ்விக்கும் நோக்கத்துடன் குழந்தை ஒன்றைச் செய்து அது சரியாக அமையாவிட்டாலும் அந்த நோக்கம் பாராட்டப்பட்டது. அச்சமே குழந்தையைப் பொய்யனாக்குகிறது என்பதை அன்னை நன்கறிந்திருந்தார்.

ஆனால் அந்த முறையின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. குழந்தையின் தன்விருப்பத்தை மிக இளமையிலேயே வென்றடக்க வேண்டும் என்பதில் சூசன்னா அசையாத கருத்துடையவர். ஒரு வயதுக் குழந்தையும் பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் ஓசையின்றி அழவும் பழக்கப்பட்டது. தன்விருப்பமே எல்லாப் பாவங்களுக்கும் வேர். இன்று பெற்றோருக்குப் பணிபவன் நாளை இறைவனுக்குப் பணிவான் என்பது அவருடைய தர்க்கம். அகங்காரத்தைக் கரைப்பதே ஆன்மிகம் என்று கூறும் எந்த மரபுக்கும் இது முற்றிலும் அயலானதன்று. ஆயினும் முதிர்ந்த சாதகன் தானே விரும்பிச் சமர்ப்பிப்பது வேறு. சமர்ப்பணம் என்பதன் பொருளே அறியாத மழலையிடமிருந்து அதைப் பிரம்பால் பெறுவது வேறு. இம்முறை மட்டுமே அவ்வீட்டில் இருந்திருக்குமானால் எப்வர்த் ஒழுங்கான பிள்ளைகளைத் தந்திருக்கும். அதற்குமேல் தந்திருக்குமா என்பது ஐயமே.

1709-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு அந்த வீடு தீப்பற்றியது. அனைவரும் வெளியேறிய பின்னர்தான் ஐந்து வயது ஜான் மாடியறையில் சிக்கியிருப்பது தெரிந்தது. தந்தை படியேற முயன்றார்; தீ விடவில்லை. குழந்தையின் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைத்து மண்டியிட்டார். சிறுவன் சன்னலருகே வந்து நின்றான். ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி அவனை வெளியே இழுத்த மறுகணமே கூரை உள்ளே சரிந்தது.

உயிர்கள் தப்பின, இல்லம் சிதறியது. புதிய வீடு எழும்பும்வரை பிள்ளைகள் வெவ்வேறு குடும்பங்களில் தங்க நேரிட்டது. மீண்டும் ஒன்று சேர்ந்தபோது அன்னை கண்டது அவருக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. பல ஆண்டுகள் அரும்பாடுபட்டு ஊட்டிய ஒழுக்கம் சில மாதங்களில் தளர்ந்திருந்தது. பேச்சில் முரட்டுத்தனம், ஓய்வுநாள் வழிபாட்டில் அலட்சியம். வெளியிலிருந்து விதித்த ஒழுங்கு, வெளிச்சூழல் மாறியதும் கழன்று விழுந்துவிட்டது.

அன்னை முதலில் பழைய ஒழுங்கையே மீட்க முனைந்தார். பள்ளியின் தொடக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாடும் வழக்கம் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை கடைக்குட்டியையும், அடுத்த பிள்ளை அதற்கு மேற்பட்டதையும் அழைத்துச் சென்று வேதத்தை வாசித்துக் காட்டும் வழக்கமும் வந்தது. இத்துடன், தம் பெண்களுக்காக விசுவாசப் பிரமாணத்துக்கும் பத்துக் கட்டளைகளுக்கும் தாமே விளக்கம் எழுதினார். நம்பிக்கையின் காரணங்களைப் பிள்ளைகள் அறிவாலும் பற்றிக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். பாஸ்கலையும் லாக்கையும் படித்தவர் அல்லவா!

இந்தச் சமயத்தில்தான் வெகு தொலைவிலிருந்து ஒரு பொறி வந்து விழுந்தது. சோழமண்டலக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடிக்கு 1706-இல் டென்மார்க் மன்னரின் ஆதரவில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இருவரின் கடிதங்கள் ஆங்கிலத்தில் நூலாக லண்டனில் வெளிவந்திருந்தன. தந்தையின் படிப்பறையில் இருந்த அந்நூலை மூத்த மகள் எமிலியா எடுத்து அன்னைக்குப் படித்துக் காட்டினாள். அந்நிய மண்ணில், அறியாத மொழியை மாணவர்போல் கற்று, மக்களுக்காகத் தம்மையே அளித்த அவ்விருவரின் வாழ்க்கை சூசன்னாவை ஆட்கொண்டது. பல நாள்கள் அவரால் வேறொன்றையும் பேசவோ நினைக்கவோ முடியவில்லை. தாம் ஆணுமல்ல, குருவுமல்ல. கடல் கடந்து செல்ல வழியில்லை. ஆனால் இறைவன் தம்மிடம் ஒப்படைத்த ஆன்மாக்கள் இதே கூரையின்கீழ் இருக்கின்றனவே என்ற எண்ணம் எழுந்தது. தம் வீட்டில் நிகழ்ந்தது தமிழ் மண்ணின் கடற்கரைக் கிராமத்துக்குத் தெரியாது. அதன் கதையோ எப்வர்த் இல்லத்தின் போக்கையே மாற்றிற்று.

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனித்திருந்து உரையாடுவதென்று வகுத்துக்கொண்டார். திங்கள் மோலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி சார்லஸுக்கு. ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும். அங்கே பாடமில்லை, ஒப்பித்தலில்லை. அந்தக் குழந்தைக்கு எது அச்சம், எது ஐயம், எதில் ஈர்ப்பு என்பதைக் கேட்டறிவதே அந்த நேரத்தின் பணி. அப்போது சார்லஸுக்கு வயது நான்கு. நான்கு வயதுச் சிறுவனுக்கும் வாரத்தில் ஒரு மாலை முழுவதும் அன்னை உரியவராக இருந்தார்! தீயிலிருந்து தப்பிய ஜானின் ஆன்மாவைத் தனிக் கவனத்துடன் பேணுவதாக 1711-இல் தம் தியானக் குறிப்பேட்டில் உறுதி எழுதிவைத்தார். அவர் தமக்கென நாள்தோறும் காலையும் மாலையும் ஒதுக்கி வைத்திருந்த தனிமை வேளைகளில் எழுதிய குறிப்பேடு அது. கொடுப்பதற்குத் தம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

அதே 1711-12 குளிர்காலத்தில் கணவர் திருச்சபைப் பேரவைக்காக லண்டன் சென்றிருந்தார். ஞாயிறு மாலையில் அன்னை பிள்ளைகளுக்கும் பணியாளர்களுக்கும் பிரார்த்தனை நடத்தி ஒரு பிரசங்கத்தைப் படித்துக் காட்டுவது வழக்கம். பணியாளர் வழியே அண்டை வீட்டார் அறிந்தனர். முப்பது நாற்பது பேராக வந்தவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டனர். துணைக்குரு புகார் எழுதினார்; கணவரும் தயங்கினார். நிறுத்த வேண்டுமெனில் தெளிவாக ஆணையிடும்படியும், இறைவன் முன் அந்த ஆணைக்குக் கணவரே பொறுப்பேற்கும்படியும் சூசன்னா பதில் எழுதினார். ஆணை வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜான், அந்த வியாழக்கிழமை மாலைகள் மீண்டும் கிடைக்காதா என்று அன்னைக்கு ஏக்கத்துடன் எழுதினார். தொலைவிலிருந்தேனும் அந்நேரத்தைத் தமக்காக ஒதுக்குமாறு வேண்டினார். பிரம்பின் நினைவு அவரை எழுதத் தூண்டவில்லை.

எல்லாப் பிள்ளைகளின் வாழ்வும் இவ்வாறு மலரவில்லை. செவ்வாய்க்கிழமைக்குரிய ஹெட்டி உடன்பிறந்தோருள் நுண்ணறிவு மிக்கவள், கவிதை எழுதியவள். 1725-இல் தான் நேசித்தவருடன் வீட்டைவிட்டுச் சென்று, கைவிடப்பட்டுத் திரும்பினாள். தந்தை அவளை மன்னிக்க மறுத்து, அவளுக்குச் சற்றும் பொருந்தாத ஒருவருக்கு விரைந்து மணமுடித்து வைத்தார். அவளுக்காகப் பரிந்து ஜான் பிரசங்கமே செய்தும் தந்தை இளகவில்லை. அன்னையும் அந்நாளில் மகளுக்கு உறுதியாகத் துணைநிற்கவில்லை. மழலைக்கு ஒரு தவற்றுக்கு ஒரே தண்டனை என்ற விதி இருந்த வீட்டில் வளர்ந்த மகளுக்கு அந்த நீதி கிட்டவில்லை.

1735-இல் கணவர் மறைந்தார். அவ்வாண்டே ஜானும் சார்லஸும் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் பணியாற்றப் புறப்பட்டபோது விதவையான அன்னை மனமுவந்து விடைகொடுத்தார். இறுதி ஆண்டுகளில் லண்டனில், பழைய பீரங்கித் தொழிற்சாலையைச் சீரமைத்து ஜான் அமைத்த ஃபவுண்டரி என்னும் மையத்தில் தங்கினார். அங்கே குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்ட் என்பவர் பிரசங்கித்ததை அறிந்து ஜான் சினத்துடன் விரைந்து வந்தார். முதலில் கேட்டுப் பார், பிறகு தீர்ப்புச் சொல் என்று அன்னை தடுத்தார். ஜான் கேட்டார், ஏற்றுக்கொண்டார். மெதடிஸ்ட் இயக்கம் எளிய மக்களிடையே பரவுவதற்குக் காரணமான சாதாரண மனிதர்களின் பிரசங்கப் பணிக்கு இவ்வாறு வழி திறந்தது. அவ்வியக்கத்தினர் 1814-இல் இலங்கைக்கும் 1817-இல் சென்னைக்கும் வந்து சேர்ந்தனர்.

1742-ஆம் ஆண்டு ஜூலையில் சூசன்னா அமைதியாக உயிர் நீத்தார். தாம் விடுதலை பெற்றவுடன் இறைவனைப் போற்றிச் சங்கீதம் பாட வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். ஜானும் சகோதரிகளும் படுக்கையைச் சூழ்ந்து நின்று பாடினர். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1732-இல் தமக்கு அன்னை எழுதிய நீண்ட கடிதத்தை ஜான் தம் நாட்குறிப்பில் சேர்த்து அச்சிட்டார். ஹெட்டி 1750-இல் மறைந்தாள். அவளுடைய இறுதி நாள்களில் உடனிருந்து ஆறுதல் அளித்தவர் தம்பி சார்லஸ்.