ஹெல்மெட்டுக்காக மரணங்களை எண்ணிய டாக்டர்: யார் இந்த ஹியூ கெய்ர்ன்ஸ்?

நெய்வேலி சுரங்கத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் வேலைக்கு இறங்க முடியாது. அதைப் பற்றி யாரும் வாக்குவாதம் செய்வதும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து, ஆர்ச் கேட் தாண்டி, விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பைக் ஏறிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். இதோ இருக்கிற வடலூருக்குப் போக எதுக்கு ஹெல்மெட் என்று.

அந்தக் கேள்விக்கு 1941-லேயே கணக்குப் போட்டு பதில் சொன்னவர் ஹியூ கெய்ர்ன்ஸ். 1896-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ என்ற ஊரில் பிறந்தவர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். பிறகு பாஸ்டனில், அன்றைய மூளை அறுவை சிகிச்சையின் பெரிய வாத்தியாரான ஹார்வி குஷிங்கிடம் தொழில் கற்றார்.

1935 மே 13. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் கொண்டாடிய டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க பைக்கைத் திருப்பித் தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஆறு நாள் கோமா, 46 வயதில் மரணம்.

வேறு டாக்டராக இருந்தால் அடுத்த கேஸைப் பார்க்கப் போயிருப்பார். கெய்ர்ன்ஸ் எண்ண ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் பைக் ஓட்டியவர்கள், பின்னால் உட்கார்ந்தவர்கள் என 2,279 பேர் இறந்திருந்தார்கள். அதற்கு முந்தைய 21 மாதங்களைவிட 21 சதவீதம் அதிகம். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் தலைக்காயம். ஹெல்மெட் போட்டு விபத்தில் சிக்கியவர்களைத் தேடினார். கிடைத்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது சின்ன எண்தான், அதை வைத்து உலகத்தையே நம்ப வைக்க முடியாது. ஆனால் ராணுவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1941 நவம்பரில், பணியில் பைக் ஓட்டும் வீரர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. கெய்ர்ன்ஸ் அதோடு விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அவருடன் வேலை பார்த்த இயற்பியலாளர் ஹோல்போர்ன், ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, அடி விழும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். 1946-ல் வந்த கட்டுரையில், ஹெல்மெட் பரவப் பரவ மரணங்கள் குறைந்ததை கெய்ர்ன்ஸ் காட்டினார்.

இடையில் இன்னொரு பிரபலம். 1945 டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த அமெரிக்க ஜெனரல் பேட்டனைப் பார்க்கவும் இவரைத்தான் விமானத்தில் அழைத்துப் போனார்கள். அவரும் பிழைக்கவில்லை.

கெய்ர்ன்ஸ் 1952-ல் 56 வயதில் புற்றுநோயால் இறந்தார். உத்தரவு போட்டால் கேட்கும் ராணுவத்தில் சில மாதங்களில் நடந்தது, பொதுமக்களுக்கு வர 1973 ஆனது. அந்த ஆண்டுதான் பிரிட்டனில் ஹெல்மெட் எல்லோருக்கும் சட்டமானது.

இந்தியாவில் 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129 அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமல்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் 2022-ல் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் நாடு முழுக்க இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டவே இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.