பக்கிங்காம் மற்றும் சாண்டோசின் மூன்றாம் டியூக்

ரிச்சர்ட் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில் (செப்டம்பர் 10, 1823 – மார்ச் 26, 1889) பிரித்தானிய அரசியல்வாதியும் சென்னை மாகாணத்தின் ஆளுநரும் ஆவார். பக்கிங்காம் மற்றும் சாண்டோசின் மூன்றாம் டியூக் என்ற பட்டத்தைத் தாங்கிய இவர், 1875 முதல் 1880 வரை சென்னையை ஆண்டார். இவரது ஆட்சிக்காலத்தில்தான் 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளப் பகுதி வரை செல்லும் பக்கிங்காம் கால்வாய் இவரது பெயரால் வழங்குகிறது.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் ஸ்டோவ் மாளிகையில் பிறந்த இவர், ஈட்டன் பள்ளியிலும் ஆக்சுபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்றார். இவருடைய தந்தையான இரண்டாம் டியூக் பெருங்கடனில் மூழ்கினார். 1848 இல் ஸ்டோவ் மாளிகையின் கலைப்பொருட்களும் தட்டுமுட்டுப் பொருட்களும் 40 நாட்கள் ஏலம் விடப்பட்டன. குடும்பத்தின் கடனை அடைப்பதே மகனின் முதற்பணியாயிற்று. 1861 இல் தந்தை இறந்தபின் டியூக் பட்டம் இவரை வந்தடைந்தது.

தொடருந்துத் துறையும் அரசியலும்

1846 முதல் 1857 வரை பக்கிங்காம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1853 இலிருந்து 1861 வரை லண்டன் மற்றும் வடமேற்குத் தொடருந்து நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1870களின் தொடக்கத்தில் தமது பண்ணை நிலங்களுக்காக இவர் அமைத்த சிறு தொடருந்துப் பாதை, பிற்காலத்தில் லண்டன் பெருநகரத் தொடருந்து அமைப்போடு இணைந்து 1935 வரை இயங்கியது.

1867–68 இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தார். கனடாக் கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது இவர் பதவியிலிருந்த காலத்தில்தான்.

பெரும் பஞ்சம்

1875 நவம்பரில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்தது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் பரவிய பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சென்னை அரசு தானியத்தைத் தானே கொள்முதல் செய்ய முற்பட்டபோது, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்று வைசிராய் லிட்டனின் அரசு எதிர்த்தது. 1877 இன் தொடக்கத்தில் பஞ்சப் பணிகளைப் பார்வையிட சர் ரிச்சர்ட் டெம்பிள் (ஆளுநரின் பெயரை ஒத்த வேறொருவர்) அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலியும் சிறிது காசும் போதும் என்று அவர் வரையறுத்தார். கடும் உழைப்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. 1877 ஆகத்தில் சென்னையிலிருந்து விடுக்கப்பட்ட வேண்டுகோளை ஏற்று லண்டன் மாநகரத் தலைவர் பஞ்ச நிவாரண நிதி திரட்டினார்.

எனினும் உதவிகள் காலந்தாழ்ந்தே மக்களை எட்டின. அதற்குள் பல ஊர்களில் பெருந்தொகையினர் இறந்துவிட்டனர்.

பக்கிங்காம் கால்வாய்

இக்கால்வாயை இவர் தொடங்கவில்லை. பேசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டிய உவர்நீர்க் கால்வாய் 1806 இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை அமைந்திருந்தது. பின்னர் அது அரசின் கைக்கு மாறி நீட்டிக்கப்பட்டது. நகரத்தின் நடுவே மட்டும் வடபகுதியும் தென்பகுதியும் இணையாமல் இருந்தன. 1877–78 இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிமீ நீளப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் உணவுக்காக வேலைக்கு வந்த மக்களே. 1878 இல் கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது.

ஏறத்தாழ 420 கிமீ நீளமுள்ள இந்நீர்வழியில் 163 கிமீ தமிழ்நாட்டில் உள்ளது. உப்பு, விறகு, நெல் முதலியவை படகுகளில் சென்றன. தென்முனையான மரக்காணத்தின் உப்பளங்களும் இவ்வழியால் சென்னையோடு இணைந்தன.

இறுதிக்காலம்

1880 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்து நாடு திரும்பினார். 1886 முதல் பிரபுக்கள் அவையின் குழுத் தலைவராக இருந்தார். 1889 இல் காலமானார். மூன்று பெண் மக்களைத் தவிர ஆண் வாரிசு இல்லாததால் டியூக் பட்டம் இவரோடு முடிவுற்றது.

கால்வாயை மீட்பது குறித்த விவாதம்

தொடருந்தும் நெடுஞ்சாலையும் வளர்ந்தபின் படகுப் போக்குவரத்து குறைந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பின்னர் அது தூர்ந்து, சென்னை நகருக்குள் கழிவுநீர் ஓடையாயிற்று. 1990களில் பறக்கும் தொடருந்தின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுப்பப்பட்டன. தொடருந்து நிறுவனத்தை நடத்தியவரின் பெயர் கொண்ட நீர்வழி, தொடருந்துக்கே இடம் விட நேர்ந்தது.

2008 இல் காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியின் பகுதியாக இக்கால்வாய் 4 ஆம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. மரக்காணத்தில் முடியும் வழியைக் கழுவெளி ஏரி ஊடாகப் புதுச்சேரிக்கு நீட்டுவதும் அத்திட்டத்தில் அடங்கும்.

படகில் சரக்கேற்றுவதற்கு எரிபொருள் குறைவாகச் செலவாகும்; கடற்கரைச் சாலைகளின் நெரிசலும் தணியும் என்பது மீட்பை ஆதரிப்போரின் வாதம். 2004 ஆழிப்பேரலையின்போது கரைக்கு இணையாகச் செல்லும் இக்கால்வாய் பல இடங்களில் அலைநீரை உள்வாங்கி உயிர்ச்சேதத்தைக் குறைத்ததையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

மறுபுறம், சென்னைக்குள் தூண்களையும் கரையோரக் குடியிருப்புகளையும் அகற்றுவது எளிதன்று. தெற்கே கழுவெளி 2021 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆழமற்ற அந்நீர்நிலையைப் படகுக்காகத் தூர்வாரினால் வலசை வரும் பறவைகளின் இரைநிலம் பாதிக்கப்படலாம். கடல்நீரின் வரத்து மாறினால் உப்பளத் தொழிலாளரும் மீனவரும் அதன் விளைவைச் சுமக்க நேரும்.

எனவே கால்வாயை மீட்பதா என்ற வினாவோடு, எதற்காக மீட்பது என்ற வினாவும் எழுகிறது. வெள்ளவடிகாலாகவும் அலைத்தடுப்பாகவும் அதைச் சீரமைக்கத் தூர்வாருவதும் கழிவுநீரைத் தடுப்பதும் முதன்மையானவை. சரக்கு நீர்வழியாக்க ஆழமும் அகலமும் தடையற்ற வழியும் தேவை. பஞ்சத்தில் வெட்டப்பட்டு இணைந்த அந்த 8 கிமீ பகுதியே இன்று அத்தகைய வழிக்குப் பெருந்தடையாக உள்ளது.