தட்டு நம்மளுது, பாட்டு யாருது?

திருமயம் கோட்டைக்குப் பக்கத்துல போற ரோடு வடக்கே புதுக்கோட்டைக்குப் போகும், தெற்கே காரைக்குடிக்குப் போகும். இந்தக் கதை தெற்கே போகுது. காரைக்குடிக்காரர் ஒருத்தர். உங்களுக்கு அவரை நல்லாவே தெரியும். சென்னை வடபழனியில ஒரு பெரிய உருண்டை சுத்துமே, ஏவிஎம்? அந்த உருண்டைக்கு ரொம்ப வருஷம் முன்னாடி அவர் சுத்தவிட்டது கிராமபோன் தட்டு.

ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1907 ஜூலை 28 அன்று பிறந்தார். அப்பா ஆவிச்சி செட்டியார் நடத்தின ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில மத்த சாமானோட கிராமபோன் தட்டும் வித்தாங்க. மெய்யப்பன் சின்ன வயசுலேயே அந்தக் கடையில உட்கார்ந்துட்டார். கொஞ்ச நாள்ல அவருக்கு ஒண்ணு தோணுச்சு. யாரோ பதிவு பண்ணித் தர்ற தட்டை ஏன் விக்கணும், நாமளே பதிவு பண்ணினா என்ன? மெட்ராஸுக்குப் போய் 1932 வாக்கில கூட்டாளிகளோட சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சார். ஜெர்மன் கம்பெனி ஓடியனோட தட்டுகள் அவங்க வழியா தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போச்சு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இப்ப நம்ம பசங்க வினைல் வினைல்னு இன்ஸ்டாவுல போடுறது இந்தத் தட்டு இல்ல. வினைல் லாங் பிளே தட்டு 1948-லதான் வந்துச்சு. மெய்யப்பன் வித்தது அரக்கோட கல்லுமாவு கலந்து அழுத்தின தட்டு, கீழே விழுந்தா ரெண்டு துண்டு. நிமிஷத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கத்துக்கு சுமார் மூணு நிமிஷப் பாட்டு, அதாவது 234 சுத்து. அதுக்குள்ள பாட்டு முடிஞ்சாகணும். முடிஞ்சதும் எழுந்து போய் திருப்பிப் போடணும், ஊசி மாத்தணும், சாவி குடுக்கணும். ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் ஊசி தட்டைக் கொஞ்சம் தேய்க்கும். பிடிச்ச பாட்டுதான் சீக்கிரம் கெட்டுப்போகும்!

அதே மூணு நிமிஷம் இன்னைக்கு 320 கேபிபிஎஸ்ல ஸ்ட்ரீம் பண்ணா ஏழு எம்பி சொச்சம். கொரகொரப்பு இல்ல, தேயாது, ஹாஸ்டல் வைஃபை மனசு வச்சா போதும். சத்தத்தோட தரம்னு பார்த்தா அரக்குத் தட்டு கிட்டயே வர முடியாது. அந்தக் காலத்துத் தட்டுதான் ஒரிஜினல் சவுண்டுன்னு அடிச்சு விடுறவங்களை நான் நம்ப மாட்டேன். ஆனா ஒரு விஷயத்துல தட்டு ஜெயிச்சிடும். காசு குடுத்து வாங்கினா அது உங்க அலமாரியில இருக்கும். கடையை மூடினாலும் பாட்டு போகாது. 2024-ல விங்க் மியூசிக் ஆப்பை மூடினப்போ, அதுல டவுன்லோட் பண்ணி வச்சிருந்தவங்க கையில என்ன மிஞ்சுச்சு? நாம வாங்குறது பாட்டு இல்ல, கேக்குறதுக்கு அனுமதி. மாச வாடகை மாதிரி.

அப்ப தட்டு காலத்துல பாட்டு மக்கள் கையில இருந்துச்சா? அதுக்கு மெய்யப்பன் கதையோட மீதியைப் பார்க்கணும்.

1935-ல எடுத்த அல்லி அர்ஜுனா, அடுத்து ரத்னாவளி, ரெண்டும் படுத்துடுச்சு. 1938-ல நந்தகுமார் ஓடுச்சு. அதுல தேவகியா நடிச்சவங்களுக்குப் பதிலா லலிதா வெங்கட்ராமனைப் பாட வச்சார். தமிழ்ல பின்னணிப் பாட்டு அதுலேருந்துதான்னு சொல்வாங்க. 1945-ல ஸ்ரீவள்ளிக்கும் இதே கதை. கதாநாயகி ருக்மிணியோட பாட்டு திருப்தியா இல்லன்னு பி.ஏ. பெரியநாயகி குரலைச் சேர்த்தார். முகம் ஒருத்தர், குரல் ஒருத்தர். தட்டு வித்தவருக்குத்தான் இது தோணும்னு எனக்குப் படுது. தட்டுல ஏது முகம்?

அதே 1945 அக்டோபர்ல ஏவிஎம் நிறுவனம் பிறந்துச்சு. காரைக்குடிக்குப் பக்கத்துல தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்ட ஸ்டூடியோ. 1947-ல நாம் இருவர் அங்கேருந்து வந்துச்சு. பாரதியார் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, ஊரே கேட்டுச்சு.

இதுல ஒரு சிக்கல். பாரதி பாட்டைத் தட்டுலயும் படத்துலயும் பதிவு பண்ற உரிமை மெய்யப்பன்கிட்ட இருந்துச்சு. அதுக்கு முன்னாடி சுராஜ்மல் அண்ட் சன்ஸ்னு ஒரு வியாபாரக் குடும்பம் அதை வச்சிருந்துச்சு. அவங்ககிட்டேருந்து இவர் வாங்கினார். இத்தனைக்கும் 1928-ல பாரதி நூல்களை வெள்ளைக்கார அரசு பறிமுதல் பண்ணப்போ, சட்டசபையில எழுந்து சண்டை போட்டவர் நம்ம திருமயத்துல பிறந்த சத்தியமூர்த்தி. அரசு பூட்டின பூட்டு ஒருவழியா திறந்துச்சு. அடுத்த பூட்டு கடைக்காரர் கையில.

1948-ல டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்துல ஒரு பாரதி பாட்டை வச்சாங்க. உரிமை என்னுதுன்னு மெய்யப்பன் தரப்பு எதிர்த்துச்சு. டி.கே. சண்முகம் அடங்கல. பாரதியை யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு எழுத்தாளர்களும் கிளம்பிட்டாங்க. விஷயம் அரசு வரைக்கும் போச்சு. ஓமந்தூரார் ஆட்சி 1949-ல பாரதி எழுத்தோட உரிமையை அரசே எடுத்துக்கும்னு அறிவிச்சுது. மெய்யப்பன் தன்கிட்ட இருந்த உரிமையைக் காசு வாங்காம விட்டுக் குடுத்தார்.

சட்டப்படி அவர் பண்ணின வியாபாரத்துல தப்பு சொல்ல முடியாது. கூச்சலுக்கு அப்புறம்தானே குடுத்தார்னு கேட்டா, ஆமா, அப்புறம்தான். ஆனா காசு போட்டு வாங்கின பாட்டைச் சும்மா குடுத்த கம்பெனி இன்னைக்கு எது, சொல்லுங்க பார்ப்போம்.

ஸ்டூடியோ அதுக்குள்ள வடபழனிக்கு வந்துடுச்சு. 1952-ல பராசக்தி. 1954-ல அந்த நாள், ஒரு பாட்டுகூட இல்லாத படம். தட்டு வித்து முன்னுக்கு வந்தவரோட கம்பெனி எடுத்தது! 1979 ஆகஸ்ட் 12 அன்று மெய்யப்பன் இறந்தார். கேசட் காலம் அப்பதான் தொடங்கிட்டு இருந்துச்சு.

பாரதி எழுத்து பிறகு பொதுச் சொத்தாவே ஆயிடுச்சு. அதனால இந்த வருஷ கல்ச்சுரல்ஸ்ல ஒரு பாரதி பாட்டை எடுங்க. பாடி, ரெக்கார்ட் பண்ணி, எந்த ஆப்ல வேணா ஏத்துங்க. வரிக்கு யார்கிட்டயும் லெட்டர் வாங்க வேண்டாம். ட்யூன் மட்டும் நீங்களே போட்டுக்கோங்க, அது தனிக் கேஸ்.