ஷெர்ஸர் பார்க்காத பாலம்

புதுக்கோட்டையில் ராமேஸ்வரம் ரயில் ஏறியிருக்கீங்களா? பழைய பாம்பன் பாலத்தில் போயிருந்தால், கப்பலுக்காக நடுவில் திறக்கும் தூக்குப்பாலத்தைத் தாண்டியிருப்பீங்க. அதுக்கு ஷெர்ஸர் பாலம்னு பேர். ஏதோ கம்பெனி பெயர்னுதான் நானும் நினைச்சேன். அது ஒரு ஆளோட பெயர்!

வில்லியம் ஷெர்ஸர், 1858-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்தவர். சூரிச்சில் சிவில் படித்தார். 1893-ல் சிகாகோவில் ஒரு சிக்கல் அவரிடம் வந்தது. ஆற்றின் மேலே ரயில் போகணும், கீழே கப்பல் போகணும். பக்கவாட்டில் சுழலும் பாலம் போட இடமே இல்லை. ஷெர்ஸர் என்ன செய்தார் தெரியுமா? பாலத்தின் அடிமுனையை வண்டிச் சக்கரத்தின் கால்வாசி மாதிரி வளைத்தார். பின்பக்கம் எதிர்எடை வைத்தார். ஆடும் நாற்காலி பின்னால் சாய்வதுபோல் அது உருண்டால், முன்பக்கம் தானே மேலே எழும். பாரம் இரண்டு பக்கமும் சமம் என்பதால் உராய்வையும் காற்றையும் சமாளித்தால் போதும்.

அந்த வருஷம் ஜூலையிலேயே இறந்துட்டார். வயசு 35. காப்புரிமை டிசம்பரில்தான் கிடைத்தது. சிகாகோ பாலம் முடிந்தது 1895-ல். கம்பெனியை நடத்தியது சகோதரர் ஆல்பர்ட்.

பாம்பனில் 1914-ல் ரயில் ஓடியது. திருச்சியிலிருந்து நம்ம புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929-ல்தான். அடுத்த வருஷம் மானாமதுரை வரை பாதை நீண்டது. அந்தப் பழைய பாம்பன் தூக்குப்பாலத்தைத் திறக்க மோட்டார் இருந்ததில்லை. கப்பல் வந்தால் தூக்குப்பாலத்தின் இரண்டு பக்கத்திலும் ஊழியர்கள் கம்பியைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தாங்க. அத்தனை டன் இரும்பும் மெதுவாக எழும்பியது.